'வேக்' என்றால் பொய் என்று அர்த்தமில்லை

பக்கத்து வளவு அக்கா போன வருடம் ஒரு கடிதத்தோடு என் விறாந்தைக்கு வந்தார். பின்னேர வகுப்பு முடிந்து பிள்ளைகள் சைக்கிளை எடுத்துக்கொண்டிருந்த நேரம். உதவித் திட்டம் ஒன்றுக்கு அவர் போட்ட விண்ணப்பத்துக்குக் கொழும்பிலிருந்து ஆங்கிலத்தில் பதில் வந்திருந்தது. நாலே நாலு வரி. அதில் மூன்றாவது வரியில் இருந்த ஒரு சொல்லை மகனின் சிவப்புப் பேனையால் சுற்றி வைத்திருந்தார். வீ, ஏ, ஜீ, யூ, ஈ. 'வேக்'.

"தங்கச்சி, நான் பொய் சொல்லுறன் எண்டே எழுதியிருக்கினம்?"

மகன் கைபேசியில் அகராதி பார்த்திருக்கிறான். 'தெளிவற்ற, மங்கலான, உறுதியில்லாத' என்று வந்திருக்கிறது. மூன்றாவது சொல்லைக் கேட்டதும் அக்காவுக்கு நெஞ்சு பதறிவிட்டது. இரவு முழுக்க நித்திரை இல்லை என்றார்.

இலங்கையின் வடக்கே வன்னியில், விசுவமடுவில் இந்த விறாந்தையில் இருந்து 19 வருடமாக ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கிறேன். ஒரு சொல் ஒருவரின் நித்திரையைக் கெடுத்ததைக் கண்ட பிறகு, அந்தச் சொல்லை அகராதியின் ஒரு வரியோடு விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. அதனால் இதை எழுதுகிறேன். வேக் என்றால் என்ன, எங்கே பாவிக்கலாம், எங்கே பாவிக்கக்கூடாது, நாம் எழுதியதைப் பார்த்து யாராவது அப்படிச் சொன்னால் என்ன செய்வது என்பதுதான் விஷயம். கடைசிக் கேள்விதான் எனக்கு முக்கியம். ஆனால் முதலில் இருந்தே வருவோம்.

உச்சரிப்பு. எழுத்தைப் பார்த்து 'வேகியூ' என்று வாசிக்காத பிள்ளை என் வகுப்புக்கு இன்னும் வரவில்லை. கடைசியில் நிற்கும் யூவும் ஈயும் ஒலிக்காது. 'லீக்', 'கொலீக்' ஆகிய சொற்களின் வாலிலும் இதே இரண்டு எழுத்துகள் சத்தமில்லாமல் நிற்கின்றன. பிளேக் நோயின் பெயரை ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள். தலையை மட்டும் மாற்றினால் நம்முடைய சொல் வந்துவிடும், ஓசையும் அதேதான். தமிழில் எழுதும்போது ஒரு சிக்கல் உண்டு. காலையில் எழும்பச் சொல்லும் ஆங்கிலச் சொல்லையும் நாம் 'வேக்' என்றுதான் எழுதுவோம். அதில் வருவது 'பக்கம்' என்பதில் உள்ள அழுத்தமான ககரம். நம்முடைய சொல்லில் வருவது 'நுங்கு', 'சங்கு' என்பவற்றில் உள்ள மெலிந்த ககரம். நுங்கு என்று சொல்லிப் பார்த்து, அந்தக் ககரத்தை இங்கே கொண்டுவாருங்கள். தொடக்கத்தில் மேற்பல் கீழுதட்டைத் தொடவேண்டும். அவ்வளவுதான்.

இனிச் சொல்லின் வேர். லத்தீனில் 'வேகஸ்' என்றால் அலைந்து திரிகிற என்று பொருள். அது பிரெஞ்சு வழியாக 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது. நாடோடியைக் குறிக்கும் 'வகபொண்ட்' இதே குடும்பம். அளவு கடந்த செலவைச் சொல்லும் 'எக்ஸ்ட்ராவகன்ட்' கூட, எல்லை தாண்டி அலைவது என்ற பொருளில் இங்கிருந்து பிறந்ததுதான். உயிரியல் படிக்கும் பிள்ளைகளுக்கு வேகஸ் நரம்பு தெரிந்திருக்கும். மூளையின் அடியில் புறப்பட்டு, கழுத்து, நெஞ்சு எல்லாம் கடந்து வயிறு வரை அலைந்து போகும் பத்தாவது மண்டை நரம்பு. அது போகும் வழியைப் பார்த்துத்தான் அந்தப் பெயர்.

இந்த வேரை நான் வகுப்பில் கட்டாக்காலி மாட்டை வைத்து விளக்குவேன். பரந்தன் முல்லைத்தீவு வீதியில் இரவில் மோட்டார் சைக்கிள் ஓட்டியவர்களுக்குக் கட்டாக்காலி என்றால் என்னவென்று சொல்லத் தேவையில்லை. அந்த மாடு உண்மையான மாடு. அதற்கு ஒரு சொந்தக்காரர் இருக்கிறார், காதில் குறிகூட இருக்கும். ஆனால் இன்றிரவு அது எந்த இடத்தில் நிற்கிறது என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியாது. வேக் என்பது அப்படிக் கட்டப்படாமல் விடப்பட்ட பேச்சு. சொல்ல வந்த விஷயம் இருக்கிறது. அது ஒரு கட்டையில் கட்டப்படவில்லை. அதைப் பொய் என்று யாரும் சொல்லவில்லை. அக்காவுக்கு நான் முதலில் சொன்னதும் இதைத்தான். "மாடு இல்லை எண்டு சொல்லேல்லை அக்கா. எங்க நிக்குது எண்டு கேக்கினம்."

தமிழில் இதற்கு ஒரே சொல் தேடாதீர்கள்

அகராதி 'தெளிவற்ற' என்று தரும். அதை எல்லா இடத்திலும் ஒட்டினால் தமிழும் கெடும், ஆங்கிலமும் விளங்காது. பக்கத்தில் எந்தப் பெயர்ச்சொல் நிற்கிறது என்று பார்த்துத்தான் தமிழைத் தெரிவு செய்ய வேண்டும்.

'வேக் மெமரி' என்றால் மங்கலான ஞாபகம். எனக்கு வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்குச் சின்ன வயதில் போனது அப்படித்தான் இருக்கிறது. யாரோ ஒருவரின் தோள், கீழே சனம், தூரத்தில் விளக்குகள், காலெல்லாம் மணல். எந்த வருடம், யாருடைய தோள், எதுவும் பிடிபடாது. ஆனால் போனேன் என்பது மட்டும் நிச்சயம். 'ஐ ஹாவ் எ வேக் மெமரி ஒவ் இட்' என்றால் இதுதான்.

'வேக் ஆன்சர்' என்றால் மழுப்பலான பதில். இங்கே மங்கல் பொருந்தாது. மங்கலில் குற்றம் இல்லை, மழுப்பலில் ஒரு விருப்பம் இருக்கிறது. 'வேக் ப்ரொமிஸ்' என்பது நாம் எல்லோரும் கேட்டுப் பழகியது: "பார்ப்பம்", "செய்து தாறம்", "வாற மாதமளவில யோசிப்பம்". பிடிகொடுக்காத வாக்கு என்று சொல்லலாம். 'வேக் ஸ்டேட்மென்ட்' என்றால் பொத்தாம்பொதுவான கூற்று. 'வேக் ஃபீலிங்' என்றால் ஏதோ ஒரு மாதிரி இருக்கிறது, என்னவென்று சொல்லத் தெரியவில்லை. மார்கழிப் பனியில் வெள்ளன பஸ்ஸுக்கு நிற்கும்போது, வீதியின் அந்தப் பக்கத்தில் ஏதோ பெரிதாக ஒன்று அசைவது 'வேக் ஷேப்'. யானையா, வைக்கோல் ஏற்றிய உழவு இயந்திரமா என்று கிட்ட வந்தால்தான் தெரியும்.

வழி சொல்வதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நம்மிடம் 'உது' என்று ஒரு அருமையான சொல் இருக்கிறது. 'இது' போல அருகிலும் இல்லை, 'அது' போல தொலைவிலும் இல்லை. தமிழ்நாட்டில் இருந்து வந்த ஒரு நண்பி அதைக் கேட்டு அவ்வளவு சந்தோஷப்பட்டாள். ஆனால் வெளியூரில் இருந்து வந்தவர் வழி கேட்கும்போது "உதில கிட்டத்தான், நேர போங்கோ" என்று நாம் சொன்னால், அவர் அரை மணித்தியாலம் வெயிலில் அலைவார். அது 'வேக் டிரெக்ஷன்ஸ்', மொட்டையாகச் சொன்ன வழி. "மூன்றாவது மதகு தாண்டி இடப்பக்கம், பால மரத்தடிக் கடைக்கு அடுத்த படலை" என்றால் அது வேக் இல்லை.

வசனத்தில் எங்கே வைப்பது

இது பெரிய விஷயம் இல்லை, வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும்: 'எ வேக் ஐடியா'. 'இஸ்', 'வாஸ்' போன்றவற்றுக்குப் பின்னாலும் வரும்: 'த லெட்டர் இஸ் வேக்'. ஆளைக் குறித்தும் சொல்லலாம், அப்போது 'அபௌட்' கூட வரும்: 'ஹி வாஸ் வேக் அபௌட் த டேட்'. திகதியைப் பற்றி அவர் பிடிகொடுக்காமல் பேசினார் என்று பொருள். இந்த 'அபௌட்' இடத்தில் பிள்ளைகள் 'இன்' போடுகிறார்கள், கவனம். வினையோடு சேரும்போது 'வேக்லி' ஆகும்: 'ஐ வேக்லி ரிமெம்பர் ஹிம்', அவரை அரைகுறையாக ஞாபகம் இருக்கிறது. எங்கேயோ பார்த்த முகம் என்பதற்கு 'வேக்லி ஃபெமிலியர்' என்று ஒரு நல்ல தொடர் உண்டு. ஒப்பிடும்போது 'வேகர்', 'வேகெஸ்ட்'. 'ஐ ஹாவென்ட் த வேகெஸ்ட் ஐடியா' என்று யாராவது சொன்னால், எனக்குத் துப்புரவாகத் தெரியாது என்கிறார். பெயர்ச்சொல் 'வேக்னெஸ்'. எதிர்ச்சொல்லாக 'க்ளியர்' என்பதைத்தான் எல்லோரும் சொல்வார்கள். ஆனால் அலுவலகக் கடிதங்களில் உண்மையான எதிர்ச்சொல் 'ஸ்பெசிஃபிக்'. இதைக் கொஞ்சம் மனதில் வைத்திருங்கள்.

ஒரு மரியாதை விஷயமும் இருக்கிறது. பெரியவர் ஒருவரின் முகத்துக்கு நேரே 'யூ ஆர் வேக்' என்று சொல்வது தமிழில் 'மழுப்பாதேங்கோ' என்பதற்குச் சமம். சுடும். 'குட் யூ பி எ லிட்டில் மோர் ஸ்பெசிஃபிக்?' என்று கேட்டால் அதே வேலை நடக்கும், மனமும் நோகாது. அக்காவுக்கு வந்த கடிதத்தில் இப்படிக் கேட்டிருந்தால் அவர் ஒரு இரவு நித்திரையைத் தொலைத்திருக்க மாட்டார். அந்தக் கடிதத்தை எழுதியவர் மேல் எனக்கு இன்னும் அந்த வருத்தம் இருக்கிறது.

எங்கே பொருந்தாது

ஒரு முறை பரீட்சைத் தாளில் ஒரு பிள்ளை 'த வோட்டர் இஸ் வேக்' என்று எழுதியிருந்தாள். மழைக்குப் பிறகு கிணற்றுத் தண்ணீர் கலங்கியதைச் சொல்ல வந்தாள். பிழை அவளுடையது இல்லை, அகராதியின் 'தெளிவற்ற' அவளை அங்கே கொண்டுபோய் விட்டது. அந்தத் தாளைத் திருத்தும்போதுதான் எனக்கே ஒன்று உறைத்தது. தமிழில் 'தெளிவு' என்பது தண்ணீரோடு பழகிய சொல். கலங்கிய தண்ணீர் அடங்கினால் தெளிவு. நம் அம்மாமார் பானையின் உள்பக்கத்தில் தேத்தாங்கொட்டையை உரைத்துவிட்டுத் தண்ணீர் ஊற்றி வைப்பார்கள். சேறு அடியில் படியும், மேலே தண்ணீர் தெளிந்து நிற்கும். அந்தத் தெளிவில் இருந்துதான் தெளிந்த பேச்சு, தெளிந்த மனம் எல்லாம். ஆங்கிலச் சொல்லின் வேரில் தண்ணீர் இல்லை, அலைச்சல்தான் இருக்கிறது. அதனால் கலங்கல் தண்ணீருக்கு அது போகாது, அதற்கு 'மடி' அல்லது 'க்ளௌடி'. ஆடிப்போன புகைப்படத்துக்கு 'பிளேர்ட்'. தொலைபேசியில் கேட்காத குரலுக்கு 'ஃபெயின்ட்'. வேக் என்பது பெரும்பாலும் சொல்லுக்கும் நினைவுக்கும் உணர்வுக்கும் உரியது. கண்ணுக்குத் தெரிகிற உருவத்துக்குச் சில வேளைகளில் வரும், அதோடு சரி.

அடுத்த குழப்பம் 'ஆம்பிகியுவஸ்'. இரண்டையும் ஒன்றென்று நினைப்பவர்கள் அதிகம், படித்தவர்கள் உட்பட. ஆம்பிகியுவஸ் என்றால் ஒரே சொல்லுக்கு இரண்டு பொருள், இரண்டும் தனித்தனியே தெளிவானவை. எதை எடுப்பது என்பதுதான் பிரச்சினை. அக்காவின் வீட்டிலேயே இதற்கு உதாரணம் நடந்திருக்கிறது. மகன் 'உறுதியில்லாத' என்று வாசித்ததும் அவர் முதலில் என்ன நினைத்தார் தெரியுமா? காணி உறுதி, அதாவது காணியின் சொந்தப் பத்திரம். "எங்கட காணிக்கு உறுதி இல்லைத்தான், பெமிற் தானே தந்தவை, அதுக்கு நான் என்ன செய்யிறது" என்று அவனோடு வாதாடியிருக்கிறார். மன உறுதி ஒன்று, காணி உறுதி இன்னொன்று. இரண்டும் தெளிவான பொருள்தான், நடுவில் சொல் ஒன்று. அதுதான் ஆம்பிகியுவஸ். "கடிதம் எழுதிய அண்ணனின் நண்பன் வந்தான்" என்ற வசனமும் அப்படி. எழுதியது அண்ணனா, நண்பனா?

பிரித்தறிய ஒரு சோதனை சொல்கிறேன். 'இதுவா, அதுவா?' என்று கேட்டால் சரியாகிவிடும் என்றால் அது ஆம்பிகியுவஸ். 'எது? எவ்வளவு? எங்கே? எப்போது?' என்று கேட்கவேண்டி வந்தால் அது வேக்.

'நெபியுலஸ்' என்று ஒரு சொல்லும் உண்டு. லத்தீனில் 'நெபுலா' என்றால் மூடுபனி, நாம் சொல்லும் பனிப்புகார். வானியலில் வரும் நெபுலாவும் அதுவே. பெரிதாகக் கனவு கண்டு, உருவம் பிடிக்காமல் இருக்கும் திட்டங்களுக்கு அதைச் சொல்வார்கள். 'ஹேஸி' பெரும்பாலும் ஞாபகத்துக்கு. சாதாரணக் கடிதங்களுக்கு வேக் ஒன்றே போதும்.

குவியல்

சில சொற்கள் பிறப்பிலேயே வேக். மாசி, பங்குனியில் காலபோக வெட்டு முடிய வீதியோரமெல்லாம் நெல் காயப்போட்டிருப்பார்கள். பின்னேரம் அதைக் கூட்டிக் குவிப்பார்கள். அது குவியல். அதில் ஒரு மணி நெல்லை எடுத்தால் இன்னும் குவியல்தான். இன்னொன்று எடுத்தாலும் குவியல்தான். இப்படியே எடுத்துக்கொண்டு போனால் கடைசியில் ஒரே ஒரு மணி மிஞ்சும், அதை யாரும் குவியல் என்று சொல்லமாட்டார்கள். அப்படியானால் எந்த மணியை எடுத்தபோது குவியல் இல்லாமல் போனது? கி.மு. 4ஆம் நூற்றாண்டில் மிலெட்டஸ் ஊரைச் சேர்ந்த யூபுலிடீஸ் என்ற கிரேக்கர் கேட்டதாகச் சொல்லப்படும் கேள்வி இது. கிரேக்கத்தில் குவியலுக்கு 'சொரொஸ்' என்று பெயர், அதனால் இந்தப் புதிரை 'சொரைட்டீஸ்' என்கிறார்கள். தத்துவம் படிப்பவர்கள் வேக்னெஸ் என்று சொல்லும்போது முதலில் இதைத்தான் நினைப்பார்கள்.

உயரம், கிழவர், கிட்ட, நிறைய, கொஞ்சம் எல்லாம் குவியல் போன்ற சொற்கள். இவற்றுக்கு வேலி இல்லை. வேலி இல்லாததால் அவை கெட்ட சொற்கள் என்று நினைக்கவேண்டாம், அவை இல்லாமல் ஒரு நாள்கூடப் பேச முடியாது. ஆனால் நெல் வாங்க லொறி வந்து நின்றால் அங்கே யாரும் குவியல் என்று பேசுவதில்லை. மூட்டை எத்தனை, கிலோ எவ்வளவு, ஈரப்பதம் எவ்வளவு. காசு கைமாறும் இடத்தில் நாமே வேலி போட்டுக்கொள்கிறோம். ஆங்கிலத்தில் விண்ணப்பம் எழுதுவதும் லொறிக்கு முன்னால் நிற்பது போலத்தான்.

யாருக்கு வேக்?

இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். ஒரு பேச்சு வேக்கா இல்லையா என்பது, கேட்பவர் எங்கே நிற்கிறார் என்பதையும் பொறுத்தது.

"கடைசி நேரம்" என்று வன்னியில் ஒருவர் சொன்னால், இன்னொருவர் 'எப்போது?' என்று கேட்கமாட்டார். 2009இன் முதல் ஐந்து மாதங்கள், போரின் கடைசிக் கட்டம். அந்த இரண்டு சொல்லுக்குள் எந்தப் பாதை, எந்தப் பதுங்குகுழி, யார் இருந்தார்கள், யார் இல்லாமல் போனார்கள் எல்லாம் இருக்கிறது. நமக்கு அதைவிடத் துல்லியமான சொல் இல்லை. "பாதை திறந்த வருசம்" என்றால் யாழ்ப்பாணம் போகும் ஏ-9 வீதி திறந்த 2002. "சுனாமிக்கு முதல் மாரி" என்றால் 2003இன் கடைசி மாதங்கள். இப்படித்தான் நாம் காலத்தைக் கட்டி வைத்திருக்கிறோம். ஆனால் கொழும்பில் மேசையில் இருந்து வாசிப்பவர் இந்த வளவுக்குள் நிற்கவில்லை. அக்காவின் விண்ணப்பத்தைத் தெரிந்த ஒருவர் நல்ல மனதோடுதான் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்திருந்தார். 'வி லொஸ்ட் மெனி ட்ரீஸ், அவர் ஹவுஸ் அண்ட் அதர் திங்ஸ் இன் த லாஸ்ட் பீரியட்.' 'லாஸ்ட் பீரியட்' என்று வாசிப்பவருக்குப் பள்ளிக்கூடத்தின் கடைசிப் பாடவேளைகூட மனதில் வரலாம். 'மெனி' என்றால் ஐந்தா, ஐம்பதா? 'அதர் திங்ஸ்' என்றால்? வசனத்தில் ஒரு பொய்யும் இல்லை. ஆனால் கட்டை ஒன்றும் இல்லை.

சிலர் வேண்டுமென்றே இப்படிப் பேசுவதும் உண்டு. காணாமல் போன பிள்ளையைப் பற்றி ஒரு தாய் "அந்த நேரம் அங்கால..." என்று சொல்லி நிறுத்தினால், அங்கே 'எங்கே, எத்தனை மணிக்கு' என்று கேட்கக்கூடாது. ஆங்கிலத்தில் 'டெலிபரட்லி வேக்' என்று ஒரு தொடர் இருக்கிறது, தெரிந்தே வேலி போடாமல் விடுவது. அரசியல்வாதியின் வாக்கிலும் அது இருக்கும், தாயின் வாயிலும் இருக்கும். இரண்டுக்கும் ஒரே சொல் என்பதால் இரண்டும் ஒன்றாகிவிடாது. அந்தத் தாய்க்காக ஆங்கிலத்தில் எழுதவேண்டி வந்தால், அவர் விரும்பும் அளவுக்குத்தான் எழுதவேண்டும்.

திருத்தி எழுதிய விதம்

சரி, அக்காவின் கடிதம். அடுத்த நாள் காலையில் நான் கொப்பி பேனையோடு அவர் வளவுக்கே போனேன். மேசையில் இருந்து கேட்டால் ஞாபகம் வராது, இடத்தில் நின்றால் வரும். அவர் ஒரு ஈர்க்கை முறித்து, முற்றத்து மணலில் பழைய வளவைக் கீறினார். முதலில் கிணறு. பிறகு வேலி நாலு பக்கமும். படலை. வீடு இருந்த இடம்.

"மரம் எத்தனை அக்கா?"

"நிறைய."

"கிணத்தடியில இருந்து வாங்கோ."

ஈர்க்கின் நுனியால் ஒவ்வொரு புள்ளியாகக் குத்தினார். கிணற்றடியில் நாலு தென்னை. அதில் ஒன்று மூத்த மகன் பிறந்த வருடம் வைத்தது. வடக்கு வேலியோரம் ஏழு. வீட்டு முன்னால் இரண்டு. படலையடியில் நாலு, அவற்றில் ஒன்று சரிந்து வளர்ந்தது, பிள்ளைகள் ஏறி இருந்து படிப்பார்கள். கூட்டிப் பார்த்தோம், 17. திரும்பி வந்தபோது தலையோடு நின்றது மூன்று மட்டும். ஆக இழந்தது 14. 'மெனி' இருந்த இடத்தில் 'ஃபோர்ட்டீன் கோகனட் ட்ரீஸ்' என்று எழுதினேன். அந்தப் புள்ளிகளைப் பார்த்தபடி அக்கா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. நானும் பேசவில்லை.

'அதர் திங்ஸ்' என்பதைப் பிரித்தோம். இரண்டு அங்குல மண்ணெண்ணெய் இறைப்பு மெசின் ஒன்று. தையல் மெசின் ஒன்று. கோழிகள். கோழி எத்தனை என்று சரியாகத் தெரியாது, இருபத்தைந்துக்குக் குறையாது, முப்பதுக்குக் கூடாது என்றார். 'பிட்வீன் ட்வெண்ட்டி ஃபைவ் அண்ட் தேர்ட்டி' என்று அப்படியே எழுதினேன். இது வேக் இல்லை. வேலி கொஞ்சம் அகலமாக இருக்கிறது, ஆனால் வேலி இருக்கிறது. மெசினின் விலை ஞாபகமே இல்லை என்றார். ஏதாவது ஒரு தொகையைப் போடலாமா என்று மகன் கேட்டான். போடவேண்டாம் என்றேன். 'ஐ டு நொட் ரிமெம்பர் த ப்ரைஸ்.' எது தெரியாதோ அதைத் தெரியாது என்று எழுதுவது மிகத் தெளிவான வசனம். ஊகித்துப் போட்ட தொகைதான் பிறகு பொய்யாக மாறும். கிணறு கட்டிய ஆண்டு கேட்டபோது "பாதை திறந்த வருசம், சித்திரை கழிஞ்சு" என்றார். 2002, சித்திரைக்குப் பிறகு. 'லாஸ்ட் பீரியட்' என்பதற்குப் பதில் 'வி லெஃப்ட் அவர் ஹவுஸ் இன் த லாஸ்ட் வீக் ஒவ் ஜனவரி 2009' என்று வந்தது. தை மாதம் கடைசியில் வெளிக்கிட்டதை அவர் மறக்கவே இல்லை, யாரும் கேட்காததால் சொல்லாமல் இருந்தார்.

நீங்கள் எழுதும்போதும் இதே வழிதான். எழுதி முடித்ததும் 'மெனி', 'சம்', 'திங்ஸ்', 'எட்சற்றா', 'அ லோங் டைம்', 'நியர்' ஆகியவற்றின் கீழே கோடு போடுங்கள். ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு எண், ஒரு பெயர், ஒரு மாதம் கொடுக்க முடியுமா என்று பாருங்கள். முடியாத இடத்தில் எதுவரை தெரியும் என்று எழுதுங்கள். என்னிடம் படித்த ஒரு தம்பி வேலை விண்ணப்பத்தில் 'சில காலம் களப்பணியில் அனுபவம் உண்டு' என்ற பொருளில் எழுதிக் கொண்டுவந்தான். விசாரித்தால், முகமாலையில் கண்ணிவெடி அகற்றும் வேலையில் 14 மாதம் நின்றிருக்கிறான். அப்படிப்பட்ட வேலையை 'சம் ஃபீல்ட் எக்ஸ்பீரியன்ஸ்' என்று எழுதுவதா? மாதத்தையும் இடத்தையும் எழுதவைத்தேன். நேர்முகத்தில் முதல் கேள்வியே அதைப் பற்றித்தானாம்.

அக்காவின் கடிதம் ஒன்றரைப் பக்கம் வந்தது. அடுத்த நாள் தபாலில் சேர்க்கக் கவரில் வைத்து ஒட்டப்போகும் நேரத்தில், படலையைத் திறந்துகொண்டு அவர் திரும்பவும் வந்தார்.

"தங்கச்சி, குசினிக்குப் பின்னால ஒரு தேசி நிண்டது. அதை விட்டிட்டம்."

கடிதத்தை வெளியே எடுத்து, கடைசி வரிக்குக் கீழே பேனையால் எழுதினேன்: 'ஒன் லைம் ட்ரீ, பிஹைண்ட் த கிச்சன்.'